கொழும்பில் பழைய ட்ரெயில் மோட்டார் சைக்கிள் சேகரிக்கத் தொடங்குபவருக்கு

வீதியிலும் காட்டுப்பாதையிலும் ஓட்டக்கூடிய ட்ரெயில் மோட்டார் சைக்கிள்களில் பழையது ஒன்றை வாங்கிப் பேண விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மொடலை வாங்கலாம் என்பதையே. கொழும்பில் இருந்துகொண்டு இதில் இறங்கும் ஒருவர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. வண்டிக்குரிய பத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது வண்டியில் இருந்த பொருட்கள் இன்னும் அதில் இருக்கின்றனவா என்பது மற்றையது. தேய்ந்த சிலிண்டருக்கும் வளைந்த ரிம்முக்கும் இந்த நகரில் வழி உண்டு. கடைந்து தரவும் நிமிர்த்தித் தரவும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வருடங்களுக்கு முன் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பக்க மூடி ஒன்று தொலைந்திருந்தால் அதை எந்தப் பட்டறையும் செய்து தராது. பதிவுச் சான்றிதழ் இல்லாத வண்டியோ, எவ்வளவு அழகாக இருந்தாலும், வீதியில் இறங்க முடியாத பொருளாகவே இருந்துவிடும்.

எந்தக் காலத்து வண்டி?

1960களின் பிற்பகுதி வரை கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கென்று கிடைத்தவை பெரும்பாலும் பாரமான பிரித்தானிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளும், போட்டிக்கென்றே சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஐரோப்பிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுமே ஆகும். யமஹா நிறுவனம் 1968இல் விற்பனைக்கு விட்ட டி.டி. 1 என்னும் 246 சி.சி. வண்டி இந்த நிலையை மாற்றியது. வேலைக்குப் போகும் ஒருவர் வார நாட்களில் வீதியிலும் விடுமுறையில் காட்டுப்பாதையிலும் ஓட்டக்கூடிய இலகுவான வண்டியைச் சாதாரண விலைக்குத் தரலாம் என்பதை அது நிரூபித்தது. சுஸுகி தன் டி.எஸ். வரிசையுடன் வந்தது. ஹொண்டா 1972இல் நான்கு வால்வுத் தலை கொண்ட எக்ஸ்.எல். 250 வண்டியைக் கொண்டுவந்து, நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது. 1970களின் நடுப்பகுதியில் வந்த யமஹா எக்ஸ்.டி. 500, 1979இல் நிறைவடைந்த முதலாவது பாரிஸ்-டக்கார் ஓட்டத்தில் சிரில் நெவூவின் கையில் வென்றதால், இன்று உலகச் சந்தையில் எட்டாத விலைக்குப் போய்விட்டது.

காலத்தைப் பிரித்தறிய எளிய வழி பின்பக்க அதிர்வுதாங்கியைப் பார்ப்பதாகும். இரு பக்கமும் இரண்டு ஷொக் கொண்ட வண்டிகள் முதல் தலைமுறை. யமஹா 1970களின் நடுப்பகுதியில் தன் மோட்டோகுரோஸ் (மண்தடப் போட்டி) வண்டிகளில் ஒற்றை ஷொக் முறையைக் கொண்டுவந்து, சில வருடங்களில் அதை டி.டி. வரிசைக்கும் கொடுத்தது, 1980களின் தொடக்கத்தில் ஹொண்டாவின் புரோலிங்க் என்னும் ஒற்றை ஷொக் முறை வந்தது. அதற்குப் பிறகு யமஹா செரோ, ஹொண்டா பாஹா, ஹொண்டா டிகிரி போன்று ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை வருகின்றன. நம் வீதிகளில் அடிக்கடி காணக்கூடிய பழைய ட்ரெயில் வண்டிகளில் பல இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

புதியவருக்கு என் பரிந்துரை, இரட்டை ஷொக் காலத்தின் இறுதியிலோ ஒற்றை ஷொக் காலத்தின் தொடக்கத்திலோ வந்த 125 முதல் 200 சி.சி. வரையான ஜப்பானிய வண்டி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதாகும். ஹொண்டா எக்ஸ்.எல். 125 எஸ், எக்ஸ்.எல். 185 எஸ், யமஹா டி.டி. 125, சுஸுகி டி.எஸ். 125 ஆகியவை நல்ல உதாரணங்கள். இதற்கு விலை மட்டும் காரணமல்ல. தேயிலைத் தோட்டங்களின் மேற்பார்வைக்கும், விவசாய விரிவாக்க வேலைக்கும், பின்னர் வடக்கு கிழக்கில் நிவாரணப் பணிக்கும் இத்தகைய வண்டிகள்தான் ஓடின. பாதையே இல்லாத இடத்தில் மனிதர்களுக்குப் பயன்பட்ட இயந்திரங்கள் இவை. ஆனாலும் பேணுவார் இல்லாமல் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புல்டாக்கோ, மொண்டேஸா, ஹுஸ்க்வர்ணா, மைக்கோ போன்ற ஐரோப்பியப் பெயர்களின் மீது ஆசை எழுவது இயல்பே. ஆனால் அவற்றுக்கான ஒரு கேஸ்கட்டைக்கூடக் கடல் கடந்தே வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால், கையும் கண்ணும் பழகிய பிறகு அவற்றின் பக்கம் போவது நல்லது.

பத்திரங்களைப் படித்தல்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே பதிவுச் சான்றிதழின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை செசி இலக்கம், இயந்திர இலக்கம், தயாரித்த வருடம், சி.சி. அளவு, நிறம், தற்போதைய பதிவு உரிமையாளரின் பெயர், வண்டியின் மீது நிதி நிறுவனம் ஏதேனும் உரிமை கொண்டிருக்கிறதா என்ற குறிப்பு ஆகியன. இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் சான்றிதழில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வேறு வண்டியின் இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் பதிவில் ஏற்றாமல் ஓட்டுவது பழைய ட்ரெயில் வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறையாகும். அதை வாங்கியவரே பின்னர் தீர்க்க வேண்டிவரும்.

படத்தை மட்டும் நம்பக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு உள்ள விபரங்களின் பிரதியைப் பெறலாம். திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டவில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடச் சோம்பல்படாதீர்கள். விற்பவர் காட்டும் சான்றிதழிலும் திணைக்களப் பிரதியிலும் உள்ள ஒவ்வொரு எழுத்தும் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது, உரிமை மாற்றப்படாமலே கைமாறி வந்த வண்டிகளின் சிக்கல். பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றப் படிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தம் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பதை இங்கே எல்லோரும் ஓப்பன் பேப்பர் என்பார்கள். சில வண்டிகள் இப்படியே பல கைகள் மாறியிருக்கும். நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1983க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களின் பெயரிலேயே இன்னும் பதிவில் இருக்கும் வண்டிகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டின் பின்புறத்தில் நிற்கின்றன. உரியவர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். வண்டியைக் காட்டுபவர் அவருடைய மருமகனாகவோ அயலவராகவோ இருப்பார். அந்த வண்டிகளில் சில மிகவும் முழுமையாக இருக்கும், ஏனெனில் அவை ஓட்டப்படவே இல்லை. ஆயினும் உரியவர் உயிருடன் இருந்தால் அவருக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் முறையான அற்றோணித் தத்துவமும், இறந்திருந்தால் வாரிசுரிமையைக் காட்டும் சட்ட ஆவணங்களும் கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சிறு முற்பணம் கொடுத்து எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு, மீதியை உரிமை மாற்ற நாளில் கொடுப்பதே இருவருக்கும் நியாயமானது.

பல வருடங்களாக வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாத வண்டியானால், நிலுவையும் தண்டப்பணமும் எவ்வளவு வரும் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேச வேண்டும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவைப்படும் என்பதால், நீல நிறப் புகை கக்கும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைச் சீர்செய்யும் செலவையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

இலக்கத் தகடும் ஒரு சாட்சியே. ஆங்கில எழுத்துகள் கொண்ட பழைய இலக்கங்கள், 1950களின் பிற்பகுதியில் எதிர்ப்புகளுக்கிடையே வந்த, சிங்கள ஸ்ரீ எழுத்து கொண்ட இலக்கங்கள், பின்னர் எண்களுக்கிடையே கோடு மட்டும் கொண்டவை, 2000ஆம் ஆண்டளவிலிருந்து மீண்டும் ஆங்கில எழுத்து வரிசை என்று அது மாறி வந்துள்ளது. வண்டி இலங்கையில் எப்போது பதியப்பட்டது என்பதையே தகடு சொல்லும். எப்போது தயாரிக்கப்பட்டது என்பதைச் செசி இலக்கத்திலிருந்துதான் அறிய முடியும். 1978இல் செய்யப்பட்டுப் பல வருடங்கள் கழித்து இங்கே பதியப்பட்ட வண்டியும் உண்டு. முதற்பதிவு இலக்கத்துடன் இருக்கும் வண்டிக்குச் சேகரிப்பாளரிடம் எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு.

பத்திரம் இல்லாத வண்டியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது பதிவு விபரங்களின் அடிப்படையில்தான் பெற்றோல் பெறுவதற்கான கியூ.ஆர். குறியீடு கிடைத்தது, பத்திரமற்ற வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு அது பெரும் இடைஞ்சலாக அமைந்தது. அத்தகைய வண்டியை உதிரிப்பாகத்துக்காக, அதுவும் அது களவு போன வண்டியல்ல என்று உறுதியான பின்னரே வாங்குங்கள். அதன் செசியை உங்கள் பதிவு வண்டியின் இலக்கத்துக்கு மாற்றி வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

வண்டியைப் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் போங்கள். ஒரு டோர்ச், சிறிய காந்தம், சுத்தமான துணி, சிறிதளவு தின்னர், வெள்ளைத் தாளும் பென்சிலும் கையில் இருக்கட்டும். நீங்கள் வரும் வரை வண்டியை இயக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வண்டி எளிதில் இயங்குவதில்லை என்பதற்கு அதுவே போதிய குறிப்பு.

முதலில் செசி இலக்கம். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் கைபிடித் தண்டு செல்லும் முன் குழாயில், வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். தின்னர் தடவிய துணியால் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தால் மேல் வர்ணம் கரைந்து எழுத்துகள் தெளிவாகும். டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். தொழிற்சாலைப் பொறிப்பில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவாகவும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்திலும் இருக்கும். ஏதாவது ஓர் எண் மட்டும் சாய்ந்திருந்தாலோ, அரத்தால் தேய்த்த கீறல்கள் தெரிந்தாலோ, சுற்றியுள்ள உலோகம் பள்ளமாக இருந்தாலோ, ஒட்டுக்கோடு தெரிந்தாலோ அந்த வண்டி வேண்டாம். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் யமஹா ட்ரெயில் வண்டிகளில் செசியிலும் இயந்திரத்திலும் பெரும்பாலும் ஒரே இலக்கமே பொறிக்கப்பட்டிருக்கும்; அவை ஒத்திருந்தால் பிறந்த இயந்திரமே இன்னும் உள்ளது என்று பொருள். ஹொண்டாவில் இரண்டும் வெவ்வேறு இலக்கங்களாகவே இருக்கும் என்பதால், அங்கே வேறுபாட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; சான்றிதழுடன் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்துச் சட்டகம். கால்மிதி பொருந்தும் இடம், பின் சில்லைத் தாங்கும் கவையின் அச்சு, முன் குழாயின் அடிப்பாகம் ஆகிய மூன்று இடங்களில் வெடிப்பும் ஒட்டும் வருவது வழக்கம். பின்னால் நின்று பார்க்கும்போது இரு சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். பின் சில்லைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் கவை ஆடுகிறதா என்று கவனியுங்கள். புஷ் மாற்றுவது பெரிய வேலையல்ல, ஆனால் அச்சு கறள் ஏறி இறுகியிருந்தால் அதைக் கழற்றுவதற்குள் பொறுமை சோதிக்கப்படும். முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில், சீல் உரசும் பகுதியில் கறள் புள்ளிகள் இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் எண்ணெய் கசியும். பெற்றோல் தாங்கியின் மீது காந்தத்தை நகர்த்துங்கள். அது ஒட்டாத இடத்தில் வர்ணத்துக்கு அடியில் பட்டி என்னும் நிரப்புப் பசை பூசப்பட்டுள்ளது. மூடியைத் திறந்து டோர்ச் அடித்தால் உள்ளே கறள் எந்த அளவில் உள்ளது என்பதும் தெரியும்.

கொழும்பில் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். களனி கங்கையின் கரையோரம் 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, கடுவெல பகுதிகளில் வாகனங்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. வெளியே கழுவி வர்ணம் பூசிய வண்டியிலும் முன்விளக்குக் கூட்டின் உள்ளேயும், மீற்றரின் கண்ணாடிக்குப் பின்னாலும், காற்று வடிப்பான் பெட்டியின் மூலைகளிலும் நுண்ணிய சேறு தங்கியிருக்கும். முன்விளக்கின் இரு ஆணிகளைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வற்புறுத்த வேண்டாம். வேறு வண்டி தேடலாம்.

இயந்திரத்துக்கு வருவோம். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், ஓரிடத்தில் அது உங்கள் பாரத்தைத் தாங்கி நின்று பிறகே இறங்க வேண்டும். தடையின்றி இறங்கினால் அமுக்கம் போய்விட்டது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியை இயக்கியதும் தொடக்கத்தில் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு வழிகாட்டியோ அதன் சீலோ தேய்ந்திருக்கும். வேகம் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் சிலிண்டரும். எக்ஸ்.எல். வரிசையின் பல இயந்திரங்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தனி பெயாரிங் இல்லாமல் அலுமினியத் தலையிலேயே நேரடியாகச் சுழல்கிறது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டப்பட்ட வண்டியில் அந்த இடம் அராவி, தலையே பயனற்றுப் போகும். ஆகவே மேலிருந்து வரும் தட்டல் ஓசையை வால்வு இடைவெளி என்று விற்பவர் சொன்னால், டெப்பெட் மூடியைக் கழற்றிச் சரிசெய்து காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள எண்ணெய்ச் சீல்களே முதற்கவலை. யமஹா டி.டி. போன்றவற்றில் வலப்பக்கக் கிளட்ச் பக்கச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு அடர்ந்த புகை வரும், கியர்ப்பெட்டியின் எண்ணெய் மட்டமும் குறைந்துகொண்டே போகும். இடப்பக்க மேக்னெட் பக்கச் சீல் கெட்டால் காற்று உள்ளே புகுந்து, நீங்கள் கைபிடியை விட்ட பின்னும் இயந்திரம் தானாக வேகமெடுக்கும். இந்த இரண்டாவது குறையுடன் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் உருகிப் பிடித்துவிடும். எண்ணெய்ப் பம்ப் கழற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் அதை எடுத்துவிட்டுப் பெற்றோலில் எண்ணெய் கலந்து ஓட்டுகிறார்கள். அதனால் இயந்திரத்துக்குக் கேடில்லை, ஆனால் பம்ப்பும் அதன் கேபிளும் தாங்கியும் இல்லாத வண்டி சேகரிப்பு நோக்கில் குறைபட்ட வண்டியே.

இறுதியாக, இல்லாதவற்றை எழுதுங்கள். பக்க மூடிகள், மீற்றர், முன்விளக்குக் கூடு, மூல சைலென்ஸர், செயின் காப்பு, கருவிப் பை, ஆசனத்தின் அடித்தகடு ஆகியவற்றில் எவை இல்லையோ அவற்றின் பட்டியல்தான் விலை பேசும்போது உங்களுக்குத் துணை. ஓடாத வண்டி ஆனால் முழுமையானது, ஓடும் வண்டி ஆனால் பாதி மாற்றப்பட்டது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், நான் தயங்காமல் முதலாவதையே எடுப்பேன்.

உதிரிப்பாகம் தேடுதல்

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போகும் முன் உங்கள் மொடலுக்குரிய பாகப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளுக்கு இது இணையத்தில் படங்களுடன் கிடைக்கிறது. பாக இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தேடல் பாதியாகக் குறையும். ஹொண்டாவின் பழைய பாக இலக்கத்தில் முதல் ஐந்து எண்கள் அது என்ன பாகம் என்பதையும், நடுவில் உள்ள மூன்று எந்த மொடலுக்காக அது முதலில் செய்யப்பட்டது என்பதையும் காட்டும். யமஹாவில் மொடல் குறியீடு முன்னால் வரும். உங்கள் வண்டியின் கிளட்ச் தகட்டுக்கு வேறொரு வீதி வண்டியின் மொடல் குறியீடு இருப்பதைக் கண்டால், அந்தத் தகடு இரண்டுக்கும் பொது என்று அறிந்து, எளிதில் கிடைக்கும் அந்த வண்டியின் பெயரைச் சொல்லியே கடையில் கேட்கலாம்.

பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதே வழக்கம். பெயரைச் சொன்னால் இல்லை என்பவர், பொருளைக் கண்டதும் மாடிக்கு ஆள் அனுப்புவார். பெயாரிங்கையும் எண்ணெய்ச் சீலையும் வண்டியின் பெயரால் கேட்காமல், அவற்றின் மேல் பொறித்துள்ள எண்ணாலோ உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகளாலோ கேளுங்கள். அவை பொது அளவில் வருபவை என்பதால் தரமானது பெரும்பாலும் கிடைத்துவிடும். பிஸ்டன் வாங்கும்போது மட்டும் மலிவைத் தேடாதீர்கள். கிடைக்காத பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் எடை குறைந்தவற்றை ஒன்றுசேர்த்து ஒரே பொதியாகத் தருவியுங்கள், சுங்க வரியையும் கணக்கில் சேர்த்தே விலையைத் தீர்மானியுங்கள்.

ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் என்பதே இந்த வகை வண்டிகளில் பலவற்றின் அளவு. 21 அங்குல ரயர்கள் கடைகளில் வருடக்கணக்கில் தேங்கி இறுகிப்போயிருக்கக்கூடும்.

கழற்றுதலும் பேணுதலும்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களிலிருந்தும், குறிப்பாகக் கேபிள்களும் வயர்களும் செல்லும் வழியை, நிறையப் படமெடுத்து வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு தொகுதியின் போல்ட்களையும் தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதுங்கள்.

பழைய ஜப்பானிய இயந்திர மூடிகளில் உள்ள சிலுவைத் தலை ஆணிகள், சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அவை ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானிய அளவைச் சேர்ந்தவை. சாதாரண முனை அடிவரை இறங்காமல் மேலே வழுக்கி, ஆணியின் தலையை வட்டமாக அராவிவிடும். நம் கராஜ்களில் பல வண்டிகளின் மூடி ஆணிகள் உளியால் வெட்டப்பட்ட தழும்புடன் இருப்பதற்கு இதுவே காரணம். ஜே.ஐ.எஸ். முனையுள்ள டிரைவரையும் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரையும் முதற் செலவாக வாங்குங்கள். ஆணியில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு விட்டுவைத்த பின் அடித்துத் திருப்பினால் மூல ஆணிகள் பெரும்பாலும் பழுதில்லாமல் வந்துவிடும்.

பெற்றோல் தாங்கியின் உட்கறளுக்கு வினாகிரியோ சிட்ரிக் அமிலக் கரைசலோ போதும். சில சிறு நட்களையும் உள்ளே இட்டுக் குலுக்கி, கறள் அகன்றதும் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயால் உட்புறம் முழுவதையும் நனைத்துவிடுங்கள். ஈரத்துடன் ஒரு மணி நேரம் விட்டாலே நம் காற்றில் கறள் மீண்டும் தொடங்கிவிடும்.

வர்ணம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மூல வர்ணமும் மூல ஸ்டிக்கரும் ஓரளவாவது தப்பியிருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். மென்மையாகக் கழுவி மெழுகு பூசுங்கள். முழுவதையும் உரித்துப் பளபளப்பாகப் பூசிய வண்டி முதற்பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அந்த வண்டி எங்கே ஓடியது, யார் கையில் இருந்தது என்பதற்கான அடையாளம் முழுவதும் அந்த ஒரு வேலையில் அழிந்துவிடுகிறது. தோட்டப் பிரிவின் எண் எழுதிய ஒரு தாங்கியையோ, திட்டம் ஒன்றின் இலச்சினை மங்கலாகத் தெரியும் ஒரு பக்க மூடியையோ மீண்டும் உருவாக்க யாராலும் முடியாது. தொழிற்சாலை துத்தநாக முலாம் பூசிய போல்ட்களுக்குக் குரோம் பூசுவதும் இதே வகைத் தவறு. நிறத்தை மாற்றியே ஆக வேண்டுமானால், பதிவுச் சான்றிதழில் உள்ள நிறத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. 6 வோல்ட் வண்டிகள் பலவற்றில் பற்றரியே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. பற்றரி இல்லாமலோ செத்த பற்றரியுடனோ வேகமாக ஓட்டினால் பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து போகும். தீப்பொறிக்கான பிளட்டின் பொயின்ட் (தொடுமுனை) உள்ள வண்டியில் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் மொடலின் கைநூலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நிறுத்தி வைத்தலும் ஓட்டுதலும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று ஸ்போக் கம்பிகளையும் ரிம்மின் உட்புறத்தையும் முதலில் தின்னும். பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்திச் சேலையோ படுக்கை விரிப்போ அதைவிட எவ்வளவோ மேல். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்பரேட்டரைக் காலி செய்து, தாங்கியை நிரப்பி, பிளக் துவாரத்தில் சிறிதளவு எண்ணெய் விட்டுக் கிக்கரைச் சில தடவை மிதியுங்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்கள், வண்டி வைக்க நிரந்தர இடம் உறுதியாகும் வரை வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. பொது வாகனத் தரிப்பிடத்தில் இரவுதோறும் நிற்கும் அரிய வண்டியிலிருந்து சிறு பாகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகும்.

இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஜே.ஏ.எஸ்.ஓ. என்னும் ஜப்பானியத் தர அமைப்பின் எப்.சி. அல்லது எப்.டி. தரக் குறியுள்ள எண்ணெயும், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ள நான்கு ஸ்ட்ரோக்குக்கு ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. குறியுள்ளதும் வாங்குங்கள். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

ஓட்டுவதற்கு அவிசாவளை, பாதுக்கை பக்கத்து இறப்பர்த் தோட்டப் பாதைகள் பொருத்தமானவை. தோட்டத்தாரிடம் முன்னரே அனுமதி கேட்டால் பலர் மறுப்பதில்லை. வன ஒதுக்கங்களுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் அனுமதியின்றி வண்டியுடன் நுழையாதீர்கள், அது மண்ணுக்கும் உயிர்களுக்கும் கேடு. போட்டிகளில் பழைய வண்டிகளை ஓட்டிய மூத்தவர்களைச் சந்திக்க விரும்பினால், தியத்தலாவையின் பொக்ஸ் ஹில், சாலியபுரவின் கஜபா போன்ற சுப்பர்குரோஸ் (மண்தட மோட்டார்ப் போட்டி) நிகழ்வுகள் நடக்கும்போது ஒரு பார்வையாளராகப் போய் வாருங்கள். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்ற செய்தி அங்கேதான் வாய்வழியாகக் கிடைக்கும்.

இரண்டாவது வண்டியை வாங்கும் எண்ணம் விரைவிலேயே எழும். முதலாவது வண்டி உங்கள் பெயரில் பதிவாகி, ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடி முடியும் வரை அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பிறகு வாங்கும்போது அதே குடும்பத்து வண்டியைத் தேடுங்கள். எக்ஸ்.எல். 125 எஸ் வைத்திருப்பவர் எக்ஸ்.எல். 185 எஸ் ஒன்றை எடுத்தால் கருவிகளும் கைநூல் அறிவும் பொதுப் பாகங்கள் பலவும் இரண்டுக்கும் பயன்படும்.